ஹெலெனாவின் காது

ஷோன்டால், குவாத்தெமோக், மெக்சிகோ
18 ஜனவரி 1987

தம்பி பெர்ண்டுக்கும் லீஸாவுக்கும்,

கர்த்தரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். உடம்பிலும் ஆத்துமாவிலும் நீங்கள் நலமாயிருக்க வேண்டுகிறோம். நாங்கள் ஓரளவு சுகம்.

இந்த மூன்று வரியை எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அத்தனை கோபம்.

செவ்வாய்க்கிழமை பால் கேனோடு சீஸ் ஆலைக்குப் போனேன். தராசடியில் நிற்கும் டாவிட் வீலர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். இவன் எதற்கு எனக்குத் தொப்பியைக் கழற்றுகிறான் என்று முழித்தேன். "நெட்டா அக்கா, பேப்பர்ல பாத்தேன். மனசே சரியில்ல" என்றான். எல்லா நாட்டிலும் இருக்கிற நம் ஆட்களுக்காகக் கனடாவில் அச்சாகிற அந்தப் பத்திரிகையைப் பிடுங்கிப் படித்தேன். உங்கள் ஊர்ச் செய்தி எழுதுகிற ஆரன் கீஸ்பிரெக்ட், பன்றி விலைக்கும் பனிப்புயலுக்கும் நடுவில் எழுதியிருக்கிறார்: "வெல்டர் பெர்ண்ட் ஹார்டருக்குப் புற்றுநோய் கண்டு, வின்னிபெக்கில் குரல்வளை முழுவதும் எடுக்கப்பட்டது. இனி அவர் குரலை நாம் கேட்கப் போவதில்லை."

பன்றி விலை தெரிந்த எனக்கு என் தம்பியின் தொண்டை தெரியவில்லை. பால் ஊற்ற வந்த பதினேழு பேருக்கு என்னைவிட முன்னால் தெரிந்திருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. "ஒரே வருஷம்க்கா, கார் வாங்கினதும் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கனடாவுக்குப் போனவன் நீ. இருபது வருஷம் ஆகிறது. கார் வைத்திருந்ததற்காகச் சபை உன்னை நீக்கியபோது நான்தான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அம்மா, அப்பா இரண்டு பேரையும் அடக்கம் பண்ணினதும் நான்தான்.

எல்லாம் அந்தப் புகை. பதினாலு வயதில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஆரம்பித்தது. அப்பா பெல்ட்டால் விளாசினார். நான் எத்தனை முறை சொன்னேன்? கேட்டாயா?

உனக்கு எப்படித் தெரிந்தது? முதலில் எது வலித்தது? ஒன்று விடாமல் எழுது. வாய்தானே போயிற்று, கை இருக்கிறதல்லவா?

கோபம் தீராத உன் அக்கா,
நெட்டா


விங்க்ளர், மனிடோபா
10 பிப்ரவரி 1987

அக்கா நெட்டாவுக்கும் அத்தான் இஸ்ப்ராண்டுக்கும்,

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். அத்தானின் முதுகுவலி எப்படி? நான் உயிரோடு இருக்கிறேன். அதற்குமேல் சுகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆரன் கீஸ்பிரெக்ட் காதில் பாதி வாங்கிக் காகிதத்தில் முழுசாக இறக்குகிற ஆள். அவன் வீட்டுக் கதவை உதைக்கலாம் என்று கிளம்பினேன், லீஸா சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். முழுவதும் எடுக்கவில்லை, அக்கா. மேல் பாதிதான் போயிற்று. குரல் நாண் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. போனது மூடி. நாம் விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை மூடுகிற ஒரு சின்ன மூடி எல்லோருக்கும் தொண்டைக்குள் உண்டாம். எனக்கு இப்போது இல்லை. அதனால் வாயில் போடுவதெல்லாம் நுரையீரலுக்கு இறங்கப் பார்க்கிறது.

டாக்டர் மூன்று விரலைக் காட்டினார். "மூச்சு, விழுங்கறது, குரல். மூணையும் காப்பாத்தத்தான் பாதியோட நிறுத்தினேன். மூணும் வரும். ஆனா சும்மா வராது, நீ உழைக்கணும்" என்றார். இப்போதைக்குக் கழுத்தில் ஒரு ஓட்டை, அதில் குழாய், அது வழியாக மூச்சு. மூக்கில் ஒரு குழாய், அது வழியாகச் சாப்பாடு. வீட்டுக்கு வந்தும் இதே கதிதான். இரண்டையும் பிடுங்கிவிடுவார்களாம். எப்போது என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

இதற்கு நடுவில் இங்கே நாங்கள் சேர்ந்திருக்கிற சபைப் பெண்கள் சூப் கொண்டு வருகிறார்கள். தொண்டை அறுத்தவனுக்குத் தண்ணியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று இந்த ஊரில் எவள் சொன்னாளோ. தண்ணியாக இருப்பதுதான் எனக்கு விஷம். கெட்டியாக இருந்தால் நாக்கு பிடித்துத் தள்ளும். தண்ணீரும் சூப்பும் நிற்குமா? நேரே நெஞ்சுக்குள் ஓடும். இதுவரை பத்தொன்பது பானை கோழி சூப். பாதிரியார் மனைவி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "ஒரு வாய், எனக்காக" என்றாள். சிலேட்டை எடுத்து "உங்களுக்காகச் சாக முடியாது" என்று எழுதிக் காட்டினேன். லீஸா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் அவளோடு பேசவில்லை, பேச முடியாததால்.

முதலில் வலித்தது காது. வலது காது. தொண்டையில் ஒன்றுமே தெரியவில்லை. பல் என்று நினைத்து இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். நாலு மாதம் வீண்.

உன் தம்பி,
பெர்ண்ட்


ஷோன்டால்
6 மார்ச் 1987

தம்பிக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடிருக்க. லீஸாவின் கைகளுக்குப் பெலன் உண்டாகட்டும். நாங்கள் ஓரளவு சுகம். இஸ்ப்ராண்டுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, அவரும் அப்படியேதான் இருக்கிறார், ஒரு நாளைக்கு ஏழு வார்த்தை.

முழுவதும் போகவில்லை என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து எழுந்து மறுபடி கோபப்பட்டேன். நல்ல பல்லை எவனாவது பிடுங்கிக்கொள்வானா? இங்கே இருந்திருந்தால் எலும்பு பிடிக்கிற சாரா டைக்கிடம் அழைத்துப் போயிருப்பேன். என் கழுத்துப் பிடிப்புக்கு அவள்தான் வாரம் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவிவிடுகிறாள். தையல் மெஷினில் குனிந்து குனிந்து வந்தது, வேறொன்றுமில்லை.

சூப் கொண்டு வந்தவர்களை அப்படியெல்லாம் பேசாதே. அவர்களுக்கு என்ன தெரியும்? நானும் பக்கத்தில் இருந்தால் சூப்தான் வைத்திருப்பேன், இருபதாவது பானை.

ஒரு விஷயம். உன் கடிதத்தை ஹெலெனா பென்னருக்குப் படித்துக் காட்டினேன். சின்ன வயதில் உன் பின்னாலேயே சுற்றுவாளே, அவள்தான். அவளுக்கும் இலை உதிரும் காலத்திலிருந்து காது வலி, இடது காது. உன்னிடம் கேட்கச் சொன்னாள். விழுங்கும்போது மட்டும் வலிக்குமா, சும்மா இருக்கும்போதும் உண்டா? தொண்டையில் ரொட்டித் துணுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்குமா? அந்த வலி தானாகப் போனதுண்டா? அவள் பயந்த சுபாவம், அதனால்தான் கேட்கிறேன். தெளிவாக எழுது.

பத்து நாளுக்குள் பதில் போடு.

உன் அக்கா,
நெட்டா


விங்க்ளர்
30 மார்ச் 1987

அக்காவுக்கு,

வணக்கமும் ஜெபமும். கழுத்துக் குழாய் போன வாரம் போயிற்று. ஓட்டை தானாக மூடிக்கொள்கிறது. மூக்கு வழியாக மூச்சு விடுகிறேன், மாட்டுக்கொட்டகை நாற்றம்கூட இனிக்கிறது. ஆக, மூன்று விரலில் ஒரு விரல் வந்தாயிற்று.

விழுங்குவதற்குப் பள்ளிக்கூடம் போகிறேன், அம்பத்தொரு வயதில். ஓக்சானா என்று ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். என் கடைசி மகளைவிடச் சின்னவள். மூச்சை இழு, அடக்கு, விழுங்கு, இருமு, மறுபடி விழுங்கு. அதற்கு அப்புறம்தான் மூச்சு. ஒரு கரண்டி கூழுக்கு இத்தனை. மூச்சை அடக்கினால் குரல் நாண்கள் சேர்ந்து வழியை அடைக்கும், மிச்சம் ஏதாவது நின்றால் இருமல் வெளியே தள்ளும் என்கிறாள். அந்த இருமலை நான் ஒருநாள் விட்டுவிட்டேன். "மிஸ்டர் ஹார்டர், வெல்டிங் பண்றப்ப முகமூடி போடாம பண்ணுவீங்களா?" என்றாள். மாட்டேன் என்றேன். "அப்ப இருமுங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தாள். சாப்பிடும்போது பேச்சு அறவே கூடாதாம். நம் ஆட்களிடம் இதைச் சொல்ல முடியுமா?

குரலும் வந்துகொண்டிருக்கிறது. ஈரப் பலகையை அறுக்கிற சத்தம், ஆனால் என்னுடையது. மூக்குக் குழாயையும் எடுத்துவிட்டார்கள், நேற்று பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டை நாலு சாப்பிட்டேன்.

ஹெலெனாவிடம் சொல். விழுங்கும்போது காதுக்குள் ஆணி அடிக்கும். பிறகு சும்மா இருக்கும்போதும் வலிக்கும். துணுக்கு ஒட்டின மாதிரி இருக்கும். தானாகப் போகாது. அவளைச் சிவாவா நகரத்தில் பெரிய டாக்டரிடம் உடனே காட்டச் சொல். எலும்பு பிடிக்கிறவளிடம் அல்ல. சீக்கிரம் போனதால்தான் எனக்குப் பாதியோடு விட்டார்கள், இன்னும் இரண்டு மாதம் தள்ளியிருந்தால் ஆரன் எழுதியது உண்மையாகியிருக்கும் என்று டாக்டரே சொன்னார். அவள் போனாளா என்று எனக்கு எழுது.

பெர்ண்ட்


விங்க்ளர்
4 மே 1987

மதிப்புக்குரிய நெட்டா அக்காவுக்கு,

லீஸா எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். உங்களுக்கு எழுதக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். சொன்னால் சொல்லட்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு மத்தியானம் அவருடைய பட்டறை ஆட்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் மேசை நடுவில் சூரியகாந்தி விதைக் கிண்ணம். இவர் இடது கடைவாயில் விதையைப் போட்டு உடைக்கிறார், வலது பக்கமாகத் தோலைத் துப்புகிறார், நடுவில் ஓக்சானாவைப் பற்றிக் கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். அம்பது வருஷப் பழக்கம், கை தானாகக் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. "என்ன பண்றீங்க!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் உள்ளே போயிற்று.

நாலாம் நாள் காய்ச்சல். கிட்டத்தட்ட மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நுரையீரலில் குழாய் விட்டு ஒரு விதையையும் ஒன்றரைத் தோலையும் எடுத்தார்கள். டாக்டர் அதை ஒரு சீசாவில் போட்டு அவர் கட்டிலுக்கு எதிரில் வைத்துவிட்டுப் போனார். "இன்னொரு தடவ நெஞ்சுல சளி கட்டினா, மிச்சத்தையும் எடுத்துடுவேன். நுரையீரல் முக்கியமா, பேச்சு முக்கியமா?" என்று கேட்டார். இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்கு இந்த மனிதனைக் கொல்ல வேண்டும்போல் இருக்கிறது அக்கா. பிழைத்து வரட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன். நான் சொன்னால் ஏறாது. நீங்கள் எழுதுங்கள்.

லீஸா


ஷோன்டால்
24 மே 1987

பெர்ண்ட்,

உனக்குச் சமாதானம் வேண்டிக்கொள்ள இன்று எனக்கு மனம் வரவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார். நாங்கள் ஓரளவு சுகம்.

விதையா? விதையா, பெர்ண்ட்? கத்தி தப்பியது, நோய் தப்பியது, ஒரு கிண்ணம் கோழித்தீனியில் சாகப் பார்த்தாயா? ஊரே சூப்போடு வந்தபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டவன், நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றதும் திறந்துவிட்டாய். அந்தப் பெண் உனக்கு இரண்டு மாதம் கரண்டி கரண்டியாகச் சொல்லிக்கொடுத்தாளே, அவள் முகத்தில் எப்படி முழிப்பாய்? சிலருக்கு இந்தப் பாதிகூடக் கிடைப்பதில்லை. உனக்குக் கிடைத்தது. அதை விதைத் தோலுக்குக் கொடுக்கப் பார்த்தாயே என்று நினைத்தால் உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது.

அதைவிடக் கேவலம், லீஸாவை எழுத வேண்டாம் என்றாயாம். மறைத்தால் ஆயிற்றா? வாயை மூடிக்கொண்டிருந்தால் உடம்பில் இருப்பது இல்லாமல் போய்விடுமா? இதை ஒரு பெரிய மனுஷன் செய்வானா?

வாய்க்கு ருசி வேண்டுமாம். நானே மூன்று வாரமாக ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் உள்ளே தள்ளுகிறேன், செத்தா போய்விட்டேன்?

ஹெலெனா டாக்டரிடம் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. கழுத்தில் ஒரு சின்னக் கட்டி இருந்தது, சாரா டைக் நீவி நீவிப் பாதியாக்கிவிட்டாள். அதைப் பற்றி இனிக் கேட்காதே.

இருமு. ஒவ்வொரு வாய்க்கும் இருமு.

நெட்டா


விங்க்ளர்
17 ஜூன் 1987

அக்கா,

வணக்கம், ஜெபம், எல்லாம் அடுத்த கடிதத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். விதையைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சரி. வாங்கிக்கொண்டேன். இப்போது நீ வாங்கிக்கொள்.

நேற்று பத்திரிகை வந்தது. ஆரனின் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன், கண்ணில் வேறொன்று பட்டது. பொலிவியாவிலிருந்து ஒரு கடிதம். "போன அக்டோபரில் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தோம். வெயில் அதிகம், சோயா நன்றாக விளைகிறது. எல்லோரும் நல்ல சுகம். ஷோன்டால் சொந்தங்களுக்கு வாழ்த்துகள். ஹெலெனா பென்னர்."

அக்டோபரில், அக்கா. ஹெலெனாவின் காது எட்டு மாதமாகப் பொலிவியாவில் இருக்கிறது. நல்ல சுகமாக இருக்கிறது. அப்படியென்றால் மார்ச்சில் ஷோன்டாலில் வலித்தது யார் காது? சாரா டைக் நீவுவது யார் கழுத்தை? ரொட்டியைப் பாலில் ஊறவைப்பது யார்?

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். "முதலில் எது வலித்தது?" ஜனவரியிலேயே கேட்டிருக்கிறாய். என் தொண்டைக்காக நீ அழுகிறாய் என்று நினைத்தேனே மடையன். ஒவ்வொன்றிலும் "நாங்கள் ஓரளவு சுகம்". அந்த வரியை இன்னொரு தடவை எனக்கு எழுதினால் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன். விதையை மறைத்தேன் என்று என்னைக் கேவலம் என்றாய். நான் மூன்று வாரம் மறைத்தேன், நீ ஆறு மாதமாக மறைக்கிறாய். யார் பெரிய மனுஷி?

எதற்காக, நெட்டா? யாருக்காக? சின்னதாக இருக்கும்போது போனால் பாதியோடு விடுவார்கள். பேசலாம், மூச்சு விடலாம், விழுங்கலாம். எனக்குச் செய்தார்களே, நீதான் கடிதம் கடிதமாகப் படித்தாயே! என் டாக்டரிடம் சொல்லி, சிவாவாவில் இருக்கிற ஒரு டாக்டருக்குக் கடிதம் வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். நாளைக்கே போ.

ஜூலை 11, சனிக்கிழமை, காலை பத்து மணிக்குச் சீஸ் ஆலைக்குப் போன் போடுவேன். தராசடியில் வந்து நில். போனேன் என்று உன் வாயால் நான் கேட்க வேண்டும்.

பெர்ண்ட்


சிவாவா நகரம்
9 ஆகஸ்ட் 1987

பெர்ண்ட்,

நான் சுகமாக இல்லை.

இப்படி ஆரம்பித்து நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. எழுதிவிட்டேன். திருப்திதானே?

நீ போன் போட்டபோது நான் அங்கேதான் இருந்தேன், தராசுக்குப் பக்கத்தில். டாவிட் வீலரிடம் "இல்லன்னு சொல்லு" என்று சைகை காட்டினேன். அவனும் சொன்னான். அப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். டாவிட் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தான். உன் குரல் ஆலை முழுக்கக் கேட்டது. "அவ அங்கதான் நிக்கிறா! பொய் சொல்லாத டாவிட்! அக்கா! ஹெலெனா பொலிவியாவுல இருக்கா! உனக்குத்தான் காது வலி! உனக்குத்தான் கட்டி! டாக்டர்கிட்ட போ அக்கா!" பால் ஊற்ற வந்த அத்தனை பேரும் கேனை வைத்துவிட்டு நின்றார்கள். பிரசங்கியார் வேறு வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றார். அது உன் குரல் என்றே முதலில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கத்தல் உன்னுடையதுதான். கத்தக் கூடாது என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பால் தொட்டியில் போட்டிருப்பேன்.

இஸ்ப்ராண்ட் வெளியே வண்டியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து குதிரையைக் கூட அவிழ்க்கவில்லை. "துணிய எடு, நெட்டா. பஸ்ஸுக்குப் போறோம்" என்றார். இதற்காகவா காத்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

ஏன் மறைத்தேன் என்று கேட்டாயே. சொல்கிறேன், உட்கார்ந்து படி. கோழிக்கூட்டுக்குப் பின்னால் நீ சுருட்டிய முதல் சிகரெட்டைப் பற்றவைத்தது நான். உனக்குக் கொடுப்பதற்கு முன் நான்தான் முதலில் இழுத்தேன். அப்பா உன்னைப் பிடித்தார், நான் கூட்டுக்குள் ஒளிந்து நீ அடி வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. முப்பத்தேழு வருஷம், முட்டை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அதே இடம். இஸ்ப்ராண்டுக்குக்கூடத் தெரியாது என்று நினைத்திருந்தேன், தெரியுமாம். நீ போனபோது, சபை உன்னை நீக்கியபோது, நான் நல்லவளாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொண்டையோடு டாக்டரிடம் போனால் "நீங்க பொகை பிடிப்பீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார், இஸ்ப்ராண்ட் பக்கத்தில் இருப்பார் என்று தெரியும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஆறு மாதம் வலியை மறைத்து, ரொட்டியை ஊறவைத்தேன். டாக்டர் அதைத்தான் கேட்டார். "ஆமா" என்றேன். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். இதற்கா, பெர்ண்ட்?

எனக்குப் பாதி கிடையாது. கட்டி நாக்கின் அடிவரை போய்விட்டது, ஒரு பக்கக் குரல் நாண் அசையவில்லை. முழுவதும் எடுக்க வேண்டும். "ஜனவரியில வந்திருந்தா ஒங்க தம்பிக்குப் பண்ணினதையே ஒங்களுக்கும் பண்ணியிருப்பேன்" என்றார். உன் டாக்டர் கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். சாரா டைக்கின் எண்ணெய்க்குக் கொடுத்த மாதங்கள் அவை.

ஆகஸ்ட் 26, புதன்கிழமை. கழுத்தில் ஓட்டை, சாகும்வரை. குரல் இருக்காது. இதை யாக்கோப் வால் கையில் கொடுத்தனுப்புகிறேன். அறுவடை வேலைக்குப் பிக்கப் வண்டியில் கனடா வருகிறான், நாலைந்து நாளில் உன் கையில் இருக்கும். 25, செவ்வாய், நாலு மணிக்கு ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போடு, நம்பர் கீழே இருக்கிறது. நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. உன்னிடம் இருக்கிற பாதி இனி நம் இரண்டு பேருக்கும் சேர்த்து, அதைக் கத்திக் கெடுக்காதே. நான் பேசுகிறேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இருபது வருஷத்துப் பாக்கி இருக்கிறது.

அக்கா


விங்க்ளர்
27 ஆகஸ்ட் 1987

அக்கா நெட்டாவுக்கு,

அத்தான் நேற்று சாயங்காலம் போனில் சொன்னார். "முடிஞ்சுது. கண்ணத் தொறந்தா. சிலேட்டு கேக்குறா." ஏழு வார்த்தைகூடக் கிடையாது. சிலேட்டு கேட்டாய் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. என்னைத் திட்டி எழுதத்தான் கேட்டிருப்பாய்.

நான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். நீ இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டு படித்தாலும் எனக்கு இரக்கம் கிடையாது. நீ புகைத்ததற்கு அல்ல. முப்பத்தேழு வருஷம் என்னிடம்கூடச் சொல்லாததற்கு. அந்த அடி எனக்கு மட்டும் விழுந்தது என்பதை நான் எப்போதோ மறந்துவிட்டேன், நீ அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். ஜனவரியில் ஒரு வரி, "எனக்கும் காது வலிக்குதுடா" என்று. எழுதியிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன், கழுத்தில் குழாயோடு. உன்னோடு எனக்கு இது தீராது, அக்கா.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் டாக்டர் சொல்லியிருப்பார், நானும் ஓக்சானாவிடம் கேட்டுக்கொண்டேன். முழுவதும் எடுத்துவிட்டால் மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் வழி தனித்தனி. எதுவும் வழி மாறாது. புண் ஆறினதும் நீ சூப் குடிக்கலாம், பானை பானையாக. விதை கொறிக்கலாம். எனக்குச் செத்தாலும் இரண்டும் கூடாது. அக்டோபரில் நான் அங்கே வருகிறேன். லீஸாவும் வருகிறாள். சபை என்னை நீக்கியது நீக்கியதாகவே இருக்கட்டும். உன் வீட்டு மேசைக்கு ஞாயிறு மத்தியானம் ஆட்களைக் கூப்பிடு, நடுவில் கிண்ணத்தை வை. நீ கொறி. நான் பேசுகிறேன். நீ சிலேட்டில் எழுதுவதையெல்லாம், திட்டு உட்பட, நான் சத்தமாகப் படிக்கிறேன். எனக்குத் தண்ணீர் கொடுக்க மட்டும் யாரையும் விடாதே.

செவ்வாய்க்கிழமை நீ சொன்னபடியே செய்தேன். நாற்பது நிமிஷம் திட்டினாய். கார், விதை, நான் வராமல் போன அம்மாவின் அடக்கம், லீஸாவுக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கித் தராதது. உன் குரல் கரகரத்துக்கொண்டே போயிற்று, நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன், லீஸா என் வாயைப் பொத்தினாள். கடைசியில் நீ மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாய். "டேய், இருக்கியா?"

பேசக் கூடாது என்று நீதானே சொன்னாய். இருமினேன்.

"சரி, இருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

இருக்கிறேன், அக்கா.

பெர்ண்ட்